பதினைந்தாயிரம் ரூபாய்ப் பல்

2016-ஆம் ஆண்டின் கோடையில் எங்கள் அன்னைக்குப் பல்செட் வைக்க வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 73. எஞ்சியிருந்த நான்கு பற்களும் ஆடத் தொடங்கியிருந்தன. சோற்றைக் கரைத்துக் குடிக்கும் நிலை. தம்பியும் நானும் அவரை அருகிலிருந்த நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். பற்களைப் பிடுங்கி, ஈறு ஆறிய பின் அளவெடுத்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருத்தி முடிக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. மொத்தச் செலவு 7,500 ரூபாய். தம்பியே கொடுத்தான்.

கடைசி நாளன்று, பணம் வாங்கும் மேசையில் அமர்ந்திருந்த பெண், காப்பிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்பதுபோல மிக இயல்பாகக் கேட்டார்: "பில்லை எவ்வளவுக்குப் போடட்டும் சார்?"

தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த தம்பிக்கு அந்தக் கேள்வியின் பொருள் உடனே விளங்கியது. அந்நாளில் மாதச் சம்பளம் பெறுவோருக்கு ஒரு சலுகை இருந்தது. தமக்கோ தம்மைச் சார்ந்து வாழும் குடும்பத்தாருக்கோ செய்த மருத்துவச் செலவுக்கு உரிய ரசீதுகளைக் காட்டினால், நிறுவனம் அதற்கென்று திருப்பிக் கொடுக்கும் தொகையில் ஆண்டொன்றுக்கு 15,000 ரூபாய் வரை வருமான வரி கிடையாது. பல் மருத்துவமும் அதில் அடங்கும். தம்பி என் முகத்தைப் பார்த்தான். நானோ, பல் துலக்கும் முறையை விளக்கிச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கருத்தூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பதினைந்தாயிரத்துக்கே போட்டுடுங்க" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பங்கு மக்களின் பாவ அறிக்கையைக் கேட்டு ஆலோசனை சொல்லும் குரு, தன் தம்பியின் அருகில் நின்றபோது ஊமையானேன்.

இது ஒரு பெரிய குற்றமா? இதை எழுத எடுத்ததற்குக் காரணம் இந்தக் கேள்விதான். நம்மில் பலர் பிறர் வீட்டில் ஒரு கரண்டியைக்கூடத் தொடமாட்டோம். கீழே கிடந்த பணப்பையை எடுத்து உரியவரைத் தேடிக் கொடுப்போம். ஆனால் வரிக் கணக்கு என்று வந்துவிட்டால், நம் மனச்சான்று செருப்பைப்போல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஏன்?

முதலில் இச்சலுகையின் பொருளை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் ஈட்டிய பணம் முழுவதும் அவர் விருப்பப்படி செலவிடக்கூடியதன்று. பல்வலி வந்தவன் மருத்துவருக்குக் கொடுக்கும் பணம் அவன் மகிழ்ந்து செலவிட்ட பணமன்று. வலி அவனிடமிருந்து பறித்துக்கொண்ட பணம். ஆகவே அந்தப் பகுதிக்கு வரி கேட்பது முறையாகாது என்று பல நாட்டுச் சட்டங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1942-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவச் செலவுக்குக் கழிவு தந்தது. வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட செலவே கணக்கில் கொள்ளப்பட்டது. இன்று அந்த எல்லை 7.5 விழுக்காடு. அந்நாட்டு வரிப் படிவத்தில் மருத்துவச் செலவும் பல் செலவும் ஒரே தலைப்பின்கீழ் நிற்கின்றன. சொத்தையை அடைப்பதும், பல் பிடுங்குவதும், செயற்கைப் பல் வைப்பதும் ஏற்கப்படும். பல்லை வெண்மையாக்கிக்கொள்ளும் செலவு ஏற்கப்படாது. நோய்க்குக் கழிவு உண்டு, அழகுக்கு இல்லை என்பது அங்குள்ள கோடு.

அயர்லாந்து நாட்டில் அந்தக் கோடு வேறு இடத்தில் விழுகிறது. அங்கே வேர் சிகிச்சைக்கும், பல்லுக்கு உறை போடுவதற்கும், பல்வரிசையைச் சீராக்குவதற்கும் வரிச்சலுகை உண்டு. வழக்கமாகப் பல் பிடுங்குவதற்கும், அடைப்பதற்கும், சுத்தம் செய்வதற்கும், பல்செட்டுக்கும் இல்லை. எங்கள் அன்னை அங்கே பிறந்திருந்தால் அவருடைய பல்செட்டுக்கு ஒரு காசும் கழித்திருக்க முடியாது. மனிதர் வகுக்கும் எல்லைகள் இவ்வாறு நாட்டுக்கு நாடு மாறுகின்றன. அவற்றில் குறைகளும் உண்டு. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 'உன் வலியின் சுமையில் ஒரு பங்கை நாங்களும் சுமக்கிறோம்; எவ்வளவு என்பதை மட்டும் உண்மையாகச் சொல்' என்று முகம் தெரியாத கோடிப்பேர் நம்மிடம் சொல்கிறார்கள். வரிக் கழிவு என்பது அதுதான். ரசீது நாம் அவர்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இந்தப் பார்வை நம் நெஞ்சில் பதியாததற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. முற்கால அறநெறி நூல்கள் சிலவற்றில், வெறும் தண்டனைச் சட்டம் என்றொரு கருத்து விவாதிக்கப்பட்டது. துறவற சபைகளின் ஒழுங்குகளையொட்டி எழுந்த கருத்து அது. சில சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுவதில்லை. மீறிப் பிடிபட்டால் தண்டத்தைச் செலுத்தினால் போதும், பாவமில்லை என்பது அதன் சாரம். அதை வரிச் சட்டங்களுக்கும் பொருத்திய ஆசிரியர்கள் இருந்தார்கள். கொடுங்கோல் மன்னர்கள் போருக்கும் கேளிக்கைக்கும் மக்களைக் கசக்கிப் பிழிந்த காலங்களில் அக்கருத்து ஓர் ஆறுதலாக இருந்திருக்கலாம். எனினும், நீதியான மனிதச் சட்டம் மனச்சான்றையும் கட்டும் என்பதே புனித தாமஸ் அக்குவினாரின் போதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், சூழ்ச்சியால் நியாயமான வரியிலிருந்து தப்பிக்கொள்வோரைப் பற்றி வருந்தி எழுதியது.

1990-களில் நான் குருமடத்தில் இறையியல் பயின்றபோது 1992-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி எங்கள் கைக்கு வந்தது. களவு செய்யாதிருப்பாயாக என்னும் கட்டளையின் விளக்கத்தில், 2409-ஆம் எண்ணில், வரி ஏய்ப்பும் பொய் ரசீது தயாரிப்பதும் பெயர் குறித்தே தவறுகளாகச் சொல்லப்பட்டுள்ளன. தேர்வுக்காக அந்த எண்ணை மனப்பாடம் செய்தவன் நான். பல் மருத்துவமனையின் மேசைமுன் அது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். நினைவுக்கு வந்தது, அதனால்தான் படத்தைப் பார்த்தேன்.

"அரசு மட்டும் ஒழுங்கா? நாம் கட்டும் வரியெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் உண்மை இருக்கிறது. மறைக்கல்வியின் அதே எண், மிகையான செலவையும் வீணடித்தலையும் வரி ஏய்ப்போடு ஒரே வரிசையில் வைத்துக் கண்டிக்கிறது. ஆள்வோருக்கு ஒரு தராசும் ஆளப்படுவோருக்கு வேறொரு தராசும் அங்கே இல்லை. ஆயினும், ஒருவன் வீணடித்தான் என்பதால் மற்றவன் எடுத்துக்கொண்டது நேர்மையாகிவிடாது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று நானும் ஒரு துளை இட்டால், தாகத்தோடு கடைசியில் வருபவனுக்கு என்ன மிஞ்சும்?

அந்தக் கடைசி ஆள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இப்போது பழைய வரிமுறையைத் தேர்ந்துகொள்வோரில், 60 வயது கடந்த, மருத்துவக் காப்பீடு இல்லாத பெற்றோருக்காகச் செலவிடுவோர் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். அந்த முழுத் தொகைக்கும் 30 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 15,600 ரூபாய் மிச்சம். 20 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 10,400 ரூபாய். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத கூலித்தொழிலாளிக்கு மிச்சம் ஒன்றுமில்லை. அவர் தாய்க்கும் பல் உண்டு, வலி உண்டு. கழிவு மட்டும் இல்லை. அவர் வரியே கட்டாதவரா என்றால் அதுவும் இல்லை. காலையில் பல் துலக்கும் பற்பசைக்கு 2025 செப்டம்பர் 22 வரை அவரும் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி கொடுத்து வந்தார். அதன் பின்னரும் 5 விழுக்காடு கொடுக்கிறார். நாம் பொய்யாகக் கழித்துக்கொள்ளும் தொகை, அவருடைய பிள்ளை வரிசையில் நிற்கும் அரசு மருத்துவமனையில் ஒரு பஞ்சாகவோ, ஒரு மரப்பு ஊசியாகவோ குறைகிறது. எந்த ஊசி என்று சுட்டிக்காட்ட முடியாததால்தான் நமக்கு உறுத்துவதில்லை.

சட்டம் எல்லாருக்கும் சமமாகப் பயன் தருவதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதுவே நம் கடமையைக் கூட்டுகிறது. ஏற்கெனவே நம் பக்கம் சாய்ந்திருக்கும் தராசில் நாமே விரலையும் வைத்து அழுத்தலாமா?

இவ்வளவு சொன்ன பின், மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அநீதியாகும். உரிமையுள்ள கழிவைக் கேட்பதற்குக்கூட அஞ்சும் நல்லவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "இதையெல்லாம் கேட்பது பேராசை இல்லையா சாமி?" என்று என்னிடம் கேட்டார். இல்லவே இல்லை. பொதுநலனைக் கருதிச் சட்டம் வெளிப்படையாகத் தருவதை வெளிப்படையாகப் பெற்றுக்கொள்வது பேராசையன்று. அதை விட்டுக்கொடுப்பது ஈகையாக இருக்கலாம், கடமையன்று. கழிவு கேட்பதும் பொய் சொல்வதும் ஒன்றே என்று எண்ணுவது மனச்சான்றின் கூச்சம். அந்தக் கூச்சத்தால் பயனடைவோர் எவரும் இல்லை.

ஆகவே எல்லையைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். ரசீது காட்டிப் பெற்ற 15,000 ரூபாய்ச் சலுகை 2018 மார்ச்சோடு முடிந்தது. அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம், மருத்துவச் சலுகையையும் போக்குவரத்துப் படிக்கான 19,200 ரூபாய்ச் சலுகையையும் நீக்கி, சம்பளக்காரர் எல்லாருக்கும் பொதுவாக 40,000 ரூபாய் நிலைக்கழிவு அளித்தது. ரசீது கேட்பதையே அரசு நிறுத்திக்கொண்டது. சட்டத்தின் நோக்கம் எளிமைதான். ஆனால் எனக்குள் ஒரு வெட்கம் எழுந்தது. ஒருவர் சொல்லை நம்ப முடியாமல் போகும்போது வீட்டார் அவரிடம் கேட்பதையே நிறுத்திவிடுவார்களே, அதுபோல் அல்லவா ஆயிற்று!

அதே ஆண்டில்தான் மூத்த குடிமக்களுக்கான கழிவு 50,000 ரூபாயாக உயர்ந்தது. காப்பீடு இல்லாத 60 வயதினர் எல்லாருடைய மருத்துவச் செலவுக்கும் விரிந்தது. பணம் கையில் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது. வங்கி வழியாகவோ அட்டை வழியாகவோ சென்றிருக்க வேண்டும். மருத்துவச் செலவு எது என்று அந்தப் பிரிவு பட்டியல் தரவில்லை. வலியும் நோயும் தீரச் செய்த பல் மருத்துவம் அதில் அடங்கும் என்று கொள்வது நேர்மையான பொருள்கோள். புதிய வரிமுறையில் இருப்போருக்கு இக்கழிவு இல்லை. 58 வயது மகனுடைய சொந்தப் பல் சிகிச்சைக்கும் இல்லை. அவர் தம் வாயில் பொருத்திய பல்லின் ரசீதைத் தாயின் பெயரில் எழுதச் சொன்னால், தொகை சரியாயிருந்தாலும் அது பொய்யே. தாயின் முதுமையைக் கடன் வாங்கும் பொய் அது.

நற்செய்தியில் மத்தேயு மட்டும் எழுதியிருக்கும் ஒரு நிகழ்ச்சி இவ்விடத்தில் என் நினைவுக்கு வருகிறது. கோவில் வரி தண்டுவோர் பேதுருவிடம் வந்து கேட்கிறார்கள். அரசனின் மக்கள் வரிக்கு உட்பட்டவர்கள் அல்லர் என்று விலக்குக்கான காரணத்தை இயேசு பேதுருவிடம் எடுத்துரைக்கிறார். ஆயினும் பிறருக்கு இடறலாக இருக்கக் கூடாது என்பதற்காக, மீனின் வாயில் கிடைக்கும் நாணயத்தைக் கொண்டு இருவருக்கும் செலுத்தச் சொல்கிறார். அந்த நாணயம் நான்கு திராக்மா மதிப்புடையது. ஆளுக்கு இரண்டு என்ற கணக்கில் இருவருக்குச் சரியாகப் போதுமானது. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. விலக்குக்கு நியாயம் உண்டென்றால் அதை வாய்விட்டுச் சொல்லலாம். கொடுக்க வேண்டியதை அளவு பிசகாமல் கொடுக்க வேண்டும். மறைவாக எடுத்துக்கொள்ளும் மூன்றாவது வழிக்கு அங்கே இடமில்லை.

இனி எங்கள் அன்னையின் பல்செட்டுக்குத் திரும்புகிறேன்.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறுநாள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அம்மா முறுக்கை உடைத்துக் காப்பியில் ஊறப்போட்டு, ஈறுகளால் மென்றுகொண்டிருந்தார். "பல்செட் எங்கம்மா? பொருந்தலையா?" என்று பதறினேன். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறப்ப மட்டும் போட்டுக்கிடுவேன். பதினைஞ்சாயிரம் ரூவா பல்லுல்லா! தினமும் போட்டுத் தேஞ்சுபோச்சுன்னா தம்பி எங்க போவான், பாவம்" என்றார். பல்செட் டப்பாவோடு மருத்துவமனையார் ரசீதின் நகலையும் பையில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்து, நான்காக மடித்து, பல்செட்டோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். ஐந்து மாதங்களாக அவர் வாரத்துக்கு ஒருநாள்தான் மென்று உண்டிருக்கிறார்.

வருமான வரி அலுவலகத்துக்காக எழுதிய பொய்யை அங்கே ஒருவரும் சரிபார்க்கவில்லை. அதை வரிக்கு வரி நம்பிப் படித்தவர் எங்கள் தாய் ஒருவரே. தொலைவில் இருக்கும் அரசை ஏமாற்றுவதாகத்தான் நாம் எண்ணுகிறோம். பொய்யோ எழுதியவன் காட்டிய திசையில் மட்டும் போவதில்லை. அது வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்கிறார்கள். நம்மை நம்புகிறவர்களே அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

அன்றிரவு தம்பியிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு எழுந்துபோய் அம்மாவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, "அம்மா, அது ஏழாயிரத்து ஐந்நூறுதான்மா. பில்லுல கூட்டிப் போட்டது" என்றான். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். "பாதிதானா?" என்று சிரித்தார். பீரோவைத் திறந்து பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். சற்று நேரம் கழித்து, சிரிப்பு அடங்கிய பின், "அப்ப மீதிப் பாதிய யாருக்குத் திருப்பிக் கொடுக்கணும்?" என்று கேட்டார். நான் பயின்ற இறையியல் முழுவதும் அக்கேள்விக்குள் அடங்கியிருந்தது. எடுத்ததைத் திருப்பித் தராமல் ஏழாம் கட்டளைக்கு மனத்துயர் நிறைவு பெறுவதில்லை.

கூட்டி எழுதிய 7,500 ரூபாய்க்கு, தம்பி இருந்த 20 விழுக்காட்டுப் படியில், அன்றைய 3 விழுக்காட்டுக் கல்வித் தீர்வையோடு சேர்த்து அவனுக்கு மிச்சமாகியிருந்தது 1,545 ரூபாய். நேர்மையான 7,500 ரூபாய்க்கும் அதே அளவு மிச்சம் கிடைத்திருந்தது. அது அவன் உரிமை. 2017 ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்தபோது, அந்தக் கூடுதல் தொகையைத் தன் வருமானத்தில் சேர்த்துக்காட்டி 1,545 ரூபாயைக் கட்டினான். ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனை ஒருமுறை பார்த்தாராம். "குறைக்கச் சொல்லித்தான் சார் எல்லாரும் வருவாங்க" என்றாராம். அன்று திருத்துவதற்குத் தாக்கலுக்கு முந்தைய அந்தச் சில மாதங்கள் உதவின. காலம் தாழ்ந்து உணர்வோருக்கும் இன்று வழி உண்டு. 2022 முதல், விட்டுப்போன வரியைக் கூடுதல் தொகையோடு செலுத்திக் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்கான காலம் 2025-இல் நான்கு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. மனம் வருந்துவோருக்குத் திறந்த கதவு கோவிலில் மட்டுமல்ல, வரி அலுவலகத்திலும் இருக்கிறது.

பேசியவனுக்கு ஒரு பங்கு இருந்தால் பேசாதிருந்தவனுக்கும் ஒரு பங்கு உண்டு. 1,545-இல் பாதியாகிய 772 ரூபாய் 50 காசைத் தம்பிக்கு அனுப்பினேன். முதலில் வேண்டாம் என்றான். "மௌனத்துக்கு உரிய பில் இது, சரியான தொகைக்குத்தான் போட்டிருக்கிறேன்" என்றதும் வாங்கிக்கொண்டான்.

அம்மா அதன்பின் அந்தப் பல்செட்டை நாள்தோறும் அணிந்தார். அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவரே முறுக்குச் சுட்டார். காப்பியில் ஊறவைக்காமல், எங்கள் முன்னால் உட்கார்ந்து, நறுக்கென்று கடித்துத் தின்றார்.